அறளையும் அடைக்கலமும்

விழா மலர்களிலே பழைய ஆசிரியர்களைப் போற்றி எழுதுதல் மரபு. அவர்தம் வேட்டியின் வெண்மையையும், பிரம்பின் வன்மையையும், அவர் வகுப்பினுள் அடிவைத்த மாத்திரத்தே நிலவிய அமைதியையும் நினைந்து நினைந்து எழுதுவோம். இம்மலரிலும் அத்தகைய கட்டுரைகள் சில இருத்தல் கூடும். யாமும் ஓர் ஆசிரியரைக் கொண்டே தொடங்குகின்றோம். ஆயினும் எமது நோக்கம் போற்றுதல் அன்று. தீர்க்கப்படாத ஒரு கடனைப் பற்றிப் பேசுதலேயாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எமக்குக் கணிதம் புகட்டிய பெரியார் அவர். பெயர் வேண்டா, அறிந்தோர் அறிவர். ஓய்வு பெற்றுப் பதினோராண்டு கழிந்தபின், ஒருநாட் காலை ஏழேகால் மணிக்குக் கல்லூரி வாயிலில் வந்து நின்றார். கையில் இடாப்பு இல்லை. இருப்பதுபோலக் கையை மார்போடு மடித்திருந்தார். காவலாளி ஊருக்குப் புதியவர். யாரோ பிள்ளையைப் பார்க்க வந்தவர் என்றெண்ணி இருக்கை கொடுத்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் நேரே எட்டாம் வகுப்பினுள் நுழைந்து, வெண்கட்டியை எடுத்து, கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன்மேல் என் செய்வதென்று தெரியாது நின்றார். பிள்ளைகள் சிரித்தனர். "சேருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்னும் செய்தி மாலைக்குள் ஊரெங்கும் பரந்தது. எம்மிற் சிலரும் அதனைத் தொலைபேசியிற் சொல்லிச் சிரித்தோம். அவரிடம் படித்தவர்கள் நாம். அச்சிரிப்பை இன்று நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

அறளை பெயர்தல் என்பது எமது யாழ்ப்பாணத்து வழக்கு. அச்சொல்லிலே இரக்கமும் உண்டு, ஏளனமும் உண்டு. முதுமையோடு தானே வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று, அதற்கு மருந்துமில்லை, செய்யத்தக்கதும் இல்லை என்னும் கருத்தும் அதனுள் அடங்கியிருக்கின்றது. பின்னைய கருத்துத்தான் பிழையானது. 1901ஆம் ஆண்டு பிராங்க்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட ஒகுஸ்தே டீற்றர் என்னும் பெண்மணிக்கு அப்போது வயது 51. முதுமை என்று சொல்லத்தக்க வயதன்று. தம் பெயரை எழுதப் பணித்தால் பாதி எழுதி நிறுத்திவிடுவார். அவரை ஆராய்ந்த வைத்தியர் அலோயிஸ் அல்சைமர். 1906இல் அவ்வம்மையார் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்து, நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ரூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர் சபையில் அறிவித்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தமது நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார். ஆக, நூற்றாண்டுக்கு மேலாகவே இது நோய் என்பது தெரிந்த செய்தி. நாமோ இன்னும் அறளை என்றே அமைதி கொள்கின்றோம்.

உலகெங்கும் மறதிநோய் உடையோர் 2021ஆம் ஆண்டிலே 57 மில்லியன் பேர் என உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவருள் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேர் வரையில் அல்சைமர் நோயினர். இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிக்கணிப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர், அத்தொகை அதன்பின் ஏறியே வந்திருக்கின்றது. வடபுலத்தின் நிலைமையை நாம் எண்களைக் கொண்டு அறியவேண்டியதில்லை. பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்க, பெரிய வீடுகளிலே இருவர், பின்னர் ஒருவர் என எஞ்சியிருக்கும் ஒழுங்கைகளை நாம் அறிவோம்.

மறதியெல்லாம் அல்சைமர் அன்று என்பதையும் ஈண்டே சொல்லிவிடுதல் நன்று. தைரொயிட்டுச் சுரப்பின் குறைவு, விற்றமின் பீ12 இன் குறைவு, மனச்சோர்வு, விழுந்தெழும்பியபின் மண்டையோட்டினுள் உறைந்த குருதி, அளவுமீறிய மருந்துகள் ஆகியனவும் அறிவை மயக்கும். அவற்றுட் பல தீர்க்கத்தக்கவை. ஆதலின் வைத்தியரிடம் காட்டாது அறளை என்று தீர்ப்புச் சொல்லுதல் பிழை.

எமது ஆசிரியரின் கதைக்கு மீள்வோம். மூன்றாம் நாள் நிகழ்ச்சியின்பின் உப அதிபராயிருந்தவர் ஒரு காரியஞ் செய்தார். நூல்நிலையத்தின் மூலையில் ஒரு மேசையும், பழைய விடைத்தாட் கட்டு ஒன்றும், சிவப்புப் பேனை ஒன்றும் வைப்பித்தார். ஆசிரியர் காலையில் வந்தால் அங்கே அமர்ந்து விடைத்தாள் திருத்துவார். பத்து மணிக்குத் தேநீர் வரும். பதினொரு மணிக்கு மாணவனொருவன் வீடுவரை உடன்செல்வான். மறுநாளும் அதே கட்டு, அதே திருத்தம். ஏழெட்டு மாதங்கள் இவ்வாறு நடந்தது. அக்காலத்தில் அவர் கோபித்ததில்லை, அழுததில்லை, வீட்டிலும் இரவில் உறங்கினார் என அவர் மனைவியார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். உப அதிபர் எந்த வைத்திய நூலையும் படித்து அதனைச் செய்தவரல்லர். எனினும் மேனாடுகளில் மறதிநோயினரைப் பராமரிக்கும் இல்லங்கள் பெருஞ்செலவில் செய்யும் வேலையின் சாரம் இதுவே: நோயாளி யாராக வாழ்ந்தாரோ, அவராகவே இருந்து ஒரு தொழில் செய்ய இடங்கொடுத்தல்.

நோய் முற்றியபோது அம்மேசையும் போதவில்லை. மனைவியார் படலைக்குப் பூட்டிட்டார். கிணற்றின்மேல் கம்பிவலை போடுவித்தார். எமது வளவுகளிலே இடுப்பளவு கட்டுள்ள கிணறு எத்தகைய அச்சம் என்பது இரவில் நடமாடும் நோயாளியோடு வாழ்ந்தோர்க்கே புலப்படும். மாலை ஐந்து மணி ஆனதும் "வீட்டுக்குப் போகவேணும்" என்று அவர் எழுந்துவிடுவார். இருப்பது அவர் பிறந்த வீடே. மனைவியார்க்கு நீரிழிவு. கிளினிக்குக்குச் செல்லுதற்கு அவரை யாரிடம் விட்டுச்செல்வது? ஓராண்டு செல்லவில்லை. காற்புண் முற்றி அவ்வம்மையாரே முதலில் இறந்தார். நோயாளியைக் காக்கும் ஒருவர் நோயாளிக்கு முன்னரே மாய்வது இந்நோயில் அரிதன்று. ஊரார் அதனை விதி என்றனர்.

பிள்ளைகள் வந்தனர், பதினைந்து நாள் லீவு. முதியோர் இல்லம் ஒன்றிற் சேர்த்தனர். அவ்வில்லத்தார் நல்லோரே, ஆனால் நடக்கவியலாத முதியோரைப் பேணப் பழகியவரேயன்றி, நடந்துகொண்டேயிருக்கும் முதியோரைப் பேணப் பழகியவரல்லர். பிறர் அறையினுள் நுழைகின்றார், பிறர் கட்டிலிற் படுக்கின்றார் என்று இரண்டு மாதத்தில் திருப்பி அனுப்பினர். பின்னர் கொழும்பில் ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே பணிசெய்வோர் சிங்களம் பேசினர். நமது ஆசிரியர் உத்தியோக காலத்தில் சிங்களத்திற் பரீட்சை சித்தியெய்தியவர். அம்மொழி முதலிற் போயிற்று, அடுத்து ஆங்கிலம் போயிற்று, எஞ்சியது தமிழ் ஒன்றே. கேட்பாரின்மையால் அதனையும் பேசாதொழிந்தார். எமது சங்கத்து நண்பரொருவர் ஒருநாள் அங்கே சென்று, பேசுதற்கு ஏதும் தோன்றாது, பதினேழாம் வாய்பாட்டை மெல்லச் சொல்லத் தொடங்கினார். ஏழாம் பெருக்கத்திலே நண்பர் தடுமாற, கட்டிலிலிருந்து "நூற்றுப் பத்தொன்பது" என்று விடை வந்தது. ஆறு மாதத்தில் அவர் பேசிய முதற்சொல் அது என்று தாதியர் கூறினராம்.

இவற்றை நாம் எழுதுவது எவரையும் குறை கூறுதற்கன்று. "பெற்றாரை இல்லத்தில் விடுதல் பாவம்" என்னும் ஒரே வாக்கியத்தோடு நம் சமூகம் இவ்விஷயத்தை முடித்துவிடுகின்றதே என்பதுதான் எமது மனக்குறை. அவ்வாக்கியத்தைச் சொல்வோரில் எத்தனை பேர் ஓரிரவாயினும் அத்தகைய நோயாளியோடு விழித்திருந்தவர்? சொல்வோர் பெரும்பாலும் ஆண்கள். விழித்திருப்போர் மனைவியரும் மகள்மாரும் மருமக்களும். பெற்றாரைப் புறக்கணித்தல் வேறு. தம்மால் இயலாத பராமரிப்பைத் தக்கார் கையில் ஒப்புவித்தல் வேறு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பேணவியலாத பெற்றார் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோருதற்கு வழிசெய்துள்ளது, நல்லதே. ஆனால் பணம் அனுப்பும் பிள்ளை சட்டத்துக்குக் கடமைப்பட்டதைச் செய்துவிடுகின்றான். இரவு இரண்டு மணிக்குப் படலையை ஆட்டும் தந்தையின் கையைப் பிடிப்பார் யார் என்னும் கேள்வி அப்படியே நிற்கின்றது.

மறுபுறத்தில், இல்லம் என்று பெயர்பெற்ற எல்லாம் அடைக்கலம் ஆகிவிடா என்பதையும் மறைத்தல் தகாது. பூட்டிய மண்டபம், கட்டிலோடு பிணித்த கை, நாள் முழுதும் உறக்கம் தரும் குளிகை ஆகியவற்றோடு நடக்கும் இல்லங்கள் செல்வநாடுகளிலும் இருந்தன, இன்றும் உள. மனக்குழப்பத்தை அடக்கும் மருந்துகள் மறதிநோயுடைய முதியோரின் மரணத்தை மிகுவிக்கின்றன என 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எச்சரித்தனர். தீய இல்லத்திலும் இல்லமின்மை நன்று என்பதே எமது துணிபு.

அங்ஙனமாயின் நல்ல இல்லம் எத்தகையது? ஒல்லாந்தர் நம்மூரை ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டு ஆண்டு, கோட்டையையும் தேசவழமைச் சட்டத் தொகுப்பையும் விட்டுச் சென்றனர். அவர்தம் நாட்டிலிருந்து இன்னும் ஒன்றை நாம் கற்கலாம் போலும். அம்ஸ்டர்டாம் நகருக்கு அணித்தாயுள்ள வேஸ்ப் என்னும் ஊரிலே ஹோகவேய்க் எனப்படும் சிறு குடியிருப்பு உண்டு. முன்னர் அது சாதாரண மாடிக் கட்டடத்தில் நடந்த பராமரிப்பு நிலையமே. அங்குப் பணிபுரிந்த இவோன் வான் அமெரொங்கன் என்னும் அம்மையார், தந்தையார் திடீரென இறந்த செய்தி கேட்டபோது, இத்தகைய நிலையத்துக்கு அவர் வரவேண்டியதாகவில்லையே என்று தமக்குள் ஆறுதல் உண்டானதை உணர்ந்து திடுக்கிட்டாராம். தம் பெற்றாரை விட மனமொப்பாத இடத்தில் பிறர் பெற்றாரை வைத்திருத்தல் எங்ஙனம் என்னும் அவ்வினாவிலிருந்து பிறந்ததே இக்குடியிருப்பு. 2009இல் கட்டி முடிந்தபோது 23 வீடுகள். வீடொன்றில் ஆறேழு பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையல். வீட்டுக்கு வேண்டிய பொருளை அங்குள்ள கடையிற் சென்று வாங்குவர். உணவுச்சாலையும் நாடகசாலையும் தெருவும் முற்றமும் உண்டு. நோயாளர் விரும்பியவாறு வெளியே உலாவலாம். குடியிருப்புக்கு வாயில் ஒன்றே. அதனைக் கடந்து தவறிப்போதல் இயலாது.

அதனினும் எம்மைக் கவர்ந்தது வேறொன்று. வீடுகளை வாழ்க்கை முறைக்கேற்ப வகுத்திருந்தனர். கைத்தொழில் செய்து வாழ்ந்தோர்க்கு ஒருவகை வீடு. கலைகளில் ஈடுபட்டோர்க்கு ஒருவகை. முன்னாளில் ஒல்லாந்தரின் குடியேற்றமாயிருந்த இந்தோனேசியாவோடு தொடர்புடையோர்க்கு அந்நாட்டு உணவும் பொருள்களும் கொண்ட ஒருவகை. நோயாளிக்கு அண்மை நினைவு அழிந்து இளமை நினைவு எஞ்சுதலால், இளமையின் மணமும் சுவையும் ஓசையும் சூழ இருந்தால் அச்சம் தணியும் என்பதே கருத்து.

இதனை ஒரு பொய்யுலகு எனச் சிலர் பழித்ததுண்டு. கடையில் வாங்குவது மெய்யான அரிசி, குடிப்பது மெய்யான தேநீர். ஆதலின் அப்பழியை நாம் ஏற்கவில்லை. ஜெர்மனியில் டுசல்டோர்வ் நகரத்து இல்லமொன்றின் வாயிலிலே பஸ் வாராத ஒரு பஸ் தரிப்பிடம் அமைத்தனர். வீட்டுக்குப் போகவேண்டும் என்று புறப்படும் நோயாளர் அங்கே அமர்வர். தாதி அருகிருந்து பேச்சுக் கொடுப்பார். சற்றில் போகும் எண்ணம் மறந்து திரும்புவர். இது பயனுடையதே, ஆயினும் எம் மனம் இதனோடு முற்றாக இயையவில்லை. அவர் மாஸ்டராயிருந்தவர், வாராத பஸ்ஸுக்குக் காத்திருக்க வைத்தலிலும், விடைத்தாளைக் கையிற் கொடுத்தல் மேல்.

நம் நாட்டிலே ஹோகவேய்க் போன்றதொன்றை எழுப்புதற்குப் பணமேது என்பர். ஊர் எழுப்ப வேண்டியதில்லை. நம் முன்னோர் கட்டிய நாற்சார் வீட்டை நினைவுகூருங்கள். நடுவே திறந்த முற்றம். நான்கு புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை நோக்கிய அறைகள். நடந்துகொண்டேயிருக்கும் நோயாளி முட்டுச்சுவரில் மோதி மருளாது, சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே சேரத்தக்க நடைபாதை வேண்டும் என்று மேனாட்டுக் கட்டடக் கலைஞர் வரைகின்றனரே, அது நம் அம்மாச்சிமார் நெல் காயப்போட்ட தாழ்வாரம் அன்றோ? முற்றத்தில் துளசி மாடமோ செவ்விளநீர்த் தென்னையோ இருப்பின் அதுவே அடையாளம். சேர்க்கவேண்டியன சில: கட்டிலிலிருந்தே தெரியுமாறு கழிப்பறை, கதவுதோறும் வெவ்வேறு நிறமும் படமும், வெண்சோறு கண்ணுக்குப் புலனாகுமாறு நிறந்தீட்டிய கோப்பை, வழுக்காத தரை, கிணற்றுக்கு மூடி. இவற்றுக்குப் பெருநிதி வேண்டா.

கட்டடத்திலும் அரியது ஆள். நாள்தோறும் அதே முகம், வாதாடாத நாக்கு, விழுங்குதல் தளரும் நாளில் கரண்டியை அவசரப்படுத்தாத கை. திடீரெனக் குழப்பம் மிகுந்தால் பிடிவாதம் என்று கொள்ளாது, சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ எனப் பார்க்கத் தெரிந்த அறிவும் வேண்டும். அத்துடன் நோயாளியின் வாழ்க்கை வரலாறு அறிந்திருத்தல் வேண்டும். நம் முதியோரின் வரலாறு பிறநாட்டார் வரலாறு போன்றதன்று. நல்லூர்த் திருவிழாவின் வாணவேடிக்கை கேட்டுக் கட்டிலின்கீழ் ஒளிக்கும் ஆச்சியை, பதுங்குகுழியில் வாழ்ந்த ஆண்டுகள் தெரிந்தவரே தேற்றவல்லர். மழை பெய்யும் மாலைகளில் பையிலே இரண்டு சேலையும் உறுதிக்கட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் தாய்க்கு, அது 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் முப்பதாம் நாளின் இரவு. ரொறன்ரோ நகரத்து இல்லத்தில் தாதி எத்துணை அன்புடையவளாயினும் அப்பையின் பொருளை எவ்வாறு அறிவாள்? கடல்கடந்து வாழும் எம் சங்கத்தவர் தத்தம் நகரங்களில் தமிழ் பேசும் பணியாளரை இவ்வில்லங்களுக்குப் பெறுதற்கு முயலுதல் வேண்டும். குறைந்தபட்சம், பெற்றாரின் வாழ்க்கையை நான்கு பக்கத்தில் எழுதித் தாதியர் கையிற் கொடுக்கவாவது செய்யலாம்.

மருந்தை நம்பிக் காத்திருக்கலாகாதோ எனக் கேட்பாரும் உளர். 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் என்னும் மருந்தும் நோயின் தொடக்க நிலையினர்க்கே உரியது. நோயின் கதியைச் சிறிது தாமதிப்பிக்குமேயன்றி இழந்ததை மீட்டுத் தராது. இன்று நோயுற்றிருப்போர்க்கு வேண்டுவது இன்றைய பராமரிப்பே.

எடுத்த எடுப்பிலே தங்கும் இல்லம் அமைத்தல் அறிவுடைமையன்று. இரவுப் பணியே மிகக் கடியது. ஆட்பயிற்சியின்றித் தொடங்கின் நாம் மேலே பழித்த இல்லங்களுள் ஒன்றாய் முடியும். கொழும்பில் 2001ஆம் ஆண்டு தோன்றிய லங்கா அல்சைமர் மன்றம் பகல்நேர நிலையம் நடத்திக் குடும்பத்தார்க்கும் வழிகாட்டி வந்துள்ளது. அந்நெறியே எமக்கும் பொருந்தும். முதலிரண்டு ஆண்டும் காலை எட்டு முதல் மாலை மூன்றுவரை பத்துப் பேர்க்குப் பகலிடம். அவ்வேழு மணி நேரத்தில் மனைவி கிளினிக்குக்குச் செல்லலாம், மகள் உறங்கலாம். பணியாளர் கைபழகியபின் ஆறு பேர்க்கு இரவுத் தங்கலும். சேர்ப்பித்த குடும்பம் விருந்தினராய் வந்து பழம் கொடுத்துச் செல்லாது, வாரத்தில் ஒருநாளேனும் அங்கே தலைவாரி, உணவூட்டி, உடனிருக்கும் ஏற்பாடும் வேண்டும். நோயாளி தாமே தம் விருப்பத்தைச் சொல்லவல்ல தொடக்க நாளிலேயே அதனைக் கேட்டு எழுதிவைத்தலும் வேண்டும். நாம் எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகின்றோம், அவரோடு பேசுவோர் சிலரே.

விழா நிதியைக் கொண்டு முகப்பு வளைவும் பார்வையாளர் மண்டபமும் எழுப்பக் கருதியுள்ளனர் என அறிகின்றோம். மண்டபம் வேண்டாம் என்று சொல்லோம்; கிரிக்கெட் போட்டியன்று வெயிலில் நின்றோர் நாமும்தாம். வளைவு காத்திருக்கலாம். அதற்கு ஒதுக்கிய பணத்தைப் பகலிடத்தின் முதலிரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு மாற்றுக எனும் தீர்மானத்தை வருகின்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் முன்மொழியவிருக்கின்றோம். எதிர்ப்போரும் வந்து பேசுக. பேச்சின்றி நிறைவேறுவதை நாம் விரும்பவில்லை.

வீடு வேண்டும். கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திற்குள் பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடுகள் மூன்றை நாம் எண்ணியிருக்கின்றோம். மூன்றின் உரிமையாளரும் நம் பழைய மாணவரே. மூவரும் அந்தக் கணித ஆசிரியரிடம் படித்தவரே. திறப்பைத் தரச் சித்தமாயிருப்பவர் சங்கச் செயலாளர்க்கு எழுதுக. நூல்நிலையத்து மேசையும் விடைத்தாட் கட்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, கேட்டு வைத்திருக்கின்றோம்.